புரை ஆபரேஷனுக்கு முன்னால் இஞ்சு டேப்பை எடுங்கள்

எங்கள் அம்மா நாற்பது வருஷமாகப் பூக்கட்டுகிறாள். திண்டுக்கல் மார்க்கெட்டிலிருந்து உதிரி மல்லி வரும். திண்ணையில் உட்கார்ந்து முழம் முழமாகக் கட்டிக் கொடுப்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் திடீரென்று பூக்காரரோடு தினமும் சண்டை. “நேத்துப் பூவை என் தலையில கட்டுறியா?” அவர் பாவம், விடிகாலையில் பறித்த பூ என்று சத்தியம் பண்ணினார். நான் எடுத்துப் பார்த்தேன். மொட்டு சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் அது பழுப்பேறித் தெரிந்திருக்கிறது.

கண்புரை வந்தால் எல்லாம் மங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிறது என்பதும், மூக்குக்கு மேல் மஞ்சள் கண்ணாடி போட்டதுபோல் உலகமே நிறம் மாறும் என்பதும், மாறியதே அந்த ஆளுக்குத் தெரியாது என்பதும் அப்புறம்தான் புரிந்தது. அப்பா, அத்தை, அம்மா என்று மூன்று பேரைப் புரை ஆபரேஷனுக்கு அழைத்துப்போய்த் திரும்பியவள் நான். தொழில் தையல். கூடப் போகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதித் தருவதில்லை, அதனால் எழுதுகிறேன். மருத்துவம் டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலை நம்முடையது.

எப்போது போவது?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள். ராத்திரி எதிரே வரும் வண்டி வெளிச்சம் பூப்பூவாகச் சிதறுகிறது என்பார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை கண்ணாடி பவர் மாறும். இன்னொன்று ஏமாற்றும் அறிகுறி: இருபது வருஷமாக வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர், திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிப்பார். எங்கள் அப்பா இதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். லென்ஸின் நடுப்பகுதி புரையால் இறுகும்போது கிட்டப்பார்வை கொஞ்ச காலம் தெளிவாகும், அவ்வளவுதான். எட்டத்தில் வருகிறவரை அடையாளம் தெரியாமல் போனபோது பெருமை தீர்ந்தது.

“புரை நல்லா முத்தட்டும், சித்திரை வெயிலில் செய்யக் கூடாது” என்று சொல்லித்தான் அப்பாவை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டோம். முற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்து ஆபரேஷனுக்குச் சொன்னது. இப்போது தலைகீழ். முற்றினால் லென்ஸ் கல்லாகிவிடும், எடுப்பது கஷ்டம், உள்ளே விழித்திரை எப்படி இருக்கிறது என்றும் பார்க்க முடியாது. அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்துவிட்டதா, அதுதான் கணக்கு. மாசத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

நந்தியாவட்டைப் பூவை ஒற்றுவது, தாய்ப்பால் விடுவது, தேன் விடுவது எல்லாம் எங்கள் தெருவிலும் உண்டு. அம்மா நந்தியாவட்டையும் கட்டி விற்பவள், அவளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. இவற்றால் கண்ணுக்குள் கிருமி புகுந்தால் இருக்கிற பார்வையும் போகும்.

முதல் நாள் பரிசோதனை

கண் பாப்பா, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் துவாரம், விரியச் சொட்டு விடுவார்கள். நாலைந்து மணி நேரம் கூசும், எழுத்துத் தெரியாது. அதனால் தனியாக அனுப்பாதீர்கள், டூவீலரில் அவரையே ஓட்டவிடாதீர்கள்.

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும். அப்பாவிடம் நர்ஸ், “வேற என்ன மாத்திரை போடுறீங்க ஐயா?” என்று கேட்டார். அப்பா சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். இன்னொன்று இருப்பது எனக்குத் தெரியும். ஒண்ணுக்குப் போகச் சிரமம் என்று புராஸ்டேட்டுக்காகச் சாப்பிடுகிறார். மகள் முன்னால் சொல்லக் கூச்சம். பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நான்தான் நீட்டினேன். அதில் டாம்சுலோசின் என்று இருந்ததைப் பார்த்ததும் நர்ஸ் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார். அந்த மருந்து எடுப்பவர்களுக்கு ஆபரேஷன் நேரத்தில் கருவிழிக்குள் இருக்கும் திரை தொளதொளவென்று ஆகிவிடுமாம். எனக்கு உடனே விளங்கியது: காட்டன் துணியை வெட்டுவதற்கும் ஜார்ஜெட்டை வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்கென்று மருந்தும் கொக்கியும் தயாராக வைத்துக்கொள்வார். மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

அத்தைக்குச் சுகர் கட்டுக்குள் இல்லை என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் செய்தது சரி. சுகர்காரர்களுக்கு விழித்திரையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே ஏற்கெனவே கோளாறு இருந்தால் புரையை எடுத்தாலும் பார்வை முழுசாக வராது. அதை முன்னால் தெரிந்துகொண்டால் பிற்பாடு யாரையும் திட்ட வேண்டியிருக்காது.

லென்ஸ்: இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்

எங்கள் அப்பாயிக்கு எழுபதுகளில் புரை எடுத்தபோது உள்ளே எதுவும் வைக்கவில்லை. சாகும்வரை சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது இல்லாமல் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டாள். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்று 1949-இல் லண்டனில் செய்து காட்டியவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கண்ணாடிக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தைத்திருந்தும், அவற்றைக் கண் ஏற்றுக்கொண்டு சும்மா கிடந்ததைக் கவனித்தவர் அவர். அந்த யோசனை ஊருக்கு வந்து சேர நாள் பிடித்தது. வெளிநாட்டு லென்ஸின் விலை நம்மவர்களுக்கு எட்டவில்லை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-இல் ஆரோலேப் என்ற ஆலையை வைத்து லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது ஏழைக்கும் கிடைத்தது.

சரி, இப்போது நம் விஷயம். கவுன்சலர் ஒருவர் அட்டவணையைக் காட்டி லென்ஸ் வகைகளைச் சொல்வார். ஒரே தூரத்துக்குத் தெளிவு தருவது மோனோஃபோகல். கிட்டம், எட்டம் இரண்டையும் சமாளிப்பது மல்டிஃபோகல். கருவிழியின் வளைவு கோணலாக இருந்தால் அதைச் சரிசெய்வது டோரிக். நாங்கள் முதலில் போன ஒரு மருத்துவமனையில், அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்பதற்கு முன்பே, “பாட்டிக்குப் பெஸ்ட் லென்ஸ் போட்டிடலாம்க்கா, கண்ணாடியே வேண்டாம்” என்று ஒரு கண்ணுக்கு 60,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். போடவில்லை என்றால் பெற்றவளுக்குச் செலவழிக்க மனசில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று எனக்கும் ஒரு கணம் உறுத்தியது.

மல்டிஃபோகல் கெட்டது இல்லை. கண்ணாடி இல்லாமல் நிறையப் படிப்பவர்களுக்கு அது நன்றாகவே உதவும். ஆனால் உள்ளே வருகிற வெளிச்சத்தைப் பங்கு போட்டுத்தான் அது வேலை செய்கிறது. ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், மங்கலான இடத்தில் பார்வை கொஞ்சம் மந்தமாகலாம். விழித்திரைக் கோளாறோ, கண் அழுத்த நோயால் சேதமோ இருப்பவர்களுக்குப் பொதுவாக ஒத்துவராது. விலை கூடியதெல்லாம் எல்லாருக்கும் பொருந்தும் என்றால் நான் எல்லாருக்கும் 42 சைஸில் ரவிக்கை தைத்துக் கொடுத்துவிடலாமே.

யோசிக்க நேரம் கேட்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் அம்மா திண்ணையில் கட்டிக்கொண்டிருக்கும்போது, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து அவள் புருவத்திலிருந்து விரல் முடிச்சுப் போடும் இடம்வரை பிடித்தேன். “என்னடி, எனக்குச் சட்டை தைக்கப் போறியா?” என்றாள். பதினாறு அங்குலம். சுமார் 40 சென்டிமீட்டர். காலை ஆறு மணிமுதல் பதினொன்றுவரை அவள் உலகம் அந்தப் பதினாறு அங்குலம்தான். அப்புறம் பஸ் நம்பர் தெரிய வேண்டும், கோயிலில் மூலவர் முகம் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. ராத்திரி வண்டி ஓட்டப் போவதில்லை. பேப்பரும் படிப்பதில்லை.

இந்த அளவைத் துண்டுச் சீட்டில் எழுதி வேறொரு டாக்டரிடம் கொடுத்தேன். அவர் சிரித்தார், ஆனால் சீட்டைக் கீழே போடவில்லை. நூறை நாற்பதால் வகுத்தால் இரண்டரை. அந்தக் கண்ணை மைனஸ் இரண்டரை பவரில் நிற்கும்படி சாதாரண மோனோஃபோகல் லென்ஸ் வைத்தால் சரியாகப் பதினாறு அங்குலத்தில் தெளிவு விழும் என்று விளக்கினார். இன்னொரு கண்ணை எட்டத்துக்கு வைக்கலாம் என்றார். இதற்கு மோனோவிஷன் என்று பெயர். ஒரு கண் கிட்டத்துக்கு, ஒரு கண் எட்டத்துக்கு. மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். எல்லாருக்கும் பிடிபடாது, அதனால் முதலில் சோதனைக் கண்ணாடியில் போட்டு நடக்கவிட்டுப் பார்த்தார். அம்மா படியில் தடுமாறவில்லை. இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே, முதலில் சொன்ன ஒரு கண் விலையில் பாதிகூட ஆகவில்லை.

ஆகவே விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் வேலை தூரத்தை அளந்து போங்கள். தையலா, பத்திரம் எழுதுவதா, கம்ப்யூட்டரா, ஆட்டோ ஓட்டுவதா, தொலைக்காட்சி மட்டுமா? அளவோடு போனால் டாக்டரோடு பேச ஒரு பிடி கிடைக்கும்.

அப்புறம் மருத்துவமனையில் எடுக்கும் லென்ஸ் அளவு. கண் உருண்டையின் நீளத்தையும் கருவிழி வளைவையும் கருவியில் அளப்பார்கள். சராசரிக் கண் நீளம் 23 மில்லிமீட்டரும் சொச்சமும். அதில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தப்பினால் கண்ணாடி பவர் ஏறக்குறைய இரண்டரை, மூன்று மாறிப்போகும். அதனால் அளக்கும்போது பெரியவர் அசையாமல், விளக்கையே பார்க்கும்படி நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருங்கள். இரண்டு தடவை எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். முடிவில் சீட்டில் 21 என்றோ 22 என்றோ போட்டிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா “எங்க வீட்டுக்காரருக்கு 21 பவர் ஆயிருச்சு” என்று அழுதேவிட்டார். அது உள்ளே வைக்கும் லென்ஸின் பவர், சாதாரணமாகவே அப்படித்தான் இருக்கும்.

கத்தியா, லேசரா?

எங்கள் ஊரில் தையல் போடாத ஆபரேஷன் எல்லாமே “லேசர்”தான். உண்மையில் பெரும்பாலும் நடப்பது ஃபேக்கோ. அது லேசர் இல்லை, ஒலி அலையால் துடிக்கும் ஊசி. அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன் பல் டாக்டரிடம் போனபோது, பல் காறையைத் தட்டும் ஒலி அலைக் கருவியைப் பார்த்து 1967-இல் இதைக் கொண்டுவந்தார். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, சுருட்டிய லென்ஸை உள்ளே விரியவிடுவார்கள். நிஜமாகவே லேசரில் வெட்டும் ஃபெம்டோ முறையும் உண்டு, விலை கூடுதல். பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து இரண்டையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஃபேக்கோவைவிட அது மேலான பலன் தரவில்லை.

அப்பாவுக்குப் புரை கல்லாகிவிட்டதால் ஆறேழு மில்லிமீட்டர் வெட்டு வைத்துக் கையாலேயே முழுசாக எடுத்தார்கள். எஸ்.ஐ.சி.எஸ். என்பார்கள். முகாம்களில் அதிகம் செய்வது இதைத்தான். இதற்கும் தையல் கிடையாது. மட்டமான ஆபரேஷன் என்று நினைக்காதீர்கள். அப்பா இன்றைக்கும் தென்னை மரத்தில் எத்தனை காய் என்று எண்ணிச் சொல்கிறார்.

ஆபரேஷன் நாளில் உங்களுக்கு அதிக வேலை இல்லை. தலைக்குக் குளிப்பாட்டி, மை, பொட்டு, பவுடர் இல்லாமல் அழைத்துப் போங்கள். எந்தக் கண் என்று நெற்றியில் அடையாளம் போடுவார்கள், சரிதானா என்று நீங்களும் ஒரு தடவை பாருங்கள். இருமல் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். “கண்ணைச் சிமிட்டிட்டா என்ன செய்றது?” என்றுதான் அம்மாவுக்குப் பயம். இமையைப் பிடித்துவைக்கக் கிளிப் உண்டு, அந்தக் கவலை வேண்டாம். கால் மணி நேரத்தில் வெளியே வந்து, “கலர் கலரா வெளிச்சம் தெரிஞ்சுது, திருவிழா மாதிரி” என்றாள்.

நூல் கட்டிய பாட்டில்கள்

ஆபரேஷன் கால் மணி நேரம், சொட்டு மருந்து ஒன்றரை மாதம். பாதிக் குணம் இதில்தான் இருக்கிறது. பாட்டில்களின் மேல் எழுதியது எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். கண் ஆபரேஷன் ஆனவர் படிக்கவா? நான் தையல் நூலை எடுத்து, ஒரு பாட்டில் கழுத்தில் சிவப்பும் இன்னொன்றில் பச்சையும் சுற்றிக் கட்டினேன். சுவரில் காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, சிவப்பு எத்தனை வேளை, பச்சை எத்தனை வேளை என்று கோடு போட்டேன். விட்டதும் ஒரு கோட்டை அடித்துவிடுவது. ஸ்டீராய்டு சொட்டைப் பெரும்பாலும் வாரா வாரம் ஒரு வேளை குறைத்துக்கொண்டே போகச் சொல்வார்கள். கண் நன்றாகிவிட்டதே என்று பட்டென்று நிறுத்தக் கூடாது. மிச்சத்தை எடுத்துவைத்து அடுத்த வருஷம் யாருக்கோ கண் சிவந்தது என்று விடவும் கூடாது. கண் அழுத்தம் ஏறிவிடும்.

விடும் முறை: கையை சோப்பால் கழுவுங்கள். படுக்க வைத்து, கீழிமையை மெதுவாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். அதில் ஒரே சொட்டு. பாட்டில் மூக்கு இமையிலோ முடியிலோ படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிஷம் லேசாக அழுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் இடைவெளி. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் மருந்து அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் வெறும் தண்ணீரைத்தான் விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. மறுபரிசோதனையில் அம்மாவின் கண்ணில் அழற்சி குறையவில்லை என்று சொன்னபோதுதான் தெரிந்தது.

டாக்டர் சொல்லும்வரை தலைக்கு ஊற்றக் கூடாது, ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தால் போதும். குடம் தூக்கக் கூடாது. ராத்திரி கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடி, தூக்கத்தில் கை தானாகத் தேய்த்துவிடும்.

அத்தை கதையை இங்கே சொல்ல வேண்டும். நான்காம் நாள் சாயங்காலம் கண் வலிக்கிறது என்றார். “கீறின கண்ணு, வலிக்கத்தானே செய்யும்” என்று மாமா பையன் வலி மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்துவிட்டான். விடியும்போது கண் ரத்தச் சிவப்பு, கை அசைத்தால்தான் தெரிகிறது. உள்ளே கிருமி. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டுக் கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வை பாதிதான் மிஞ்சியது. இது ஆயிரம் கண்ணில் ஒன்றுக்கும் குறைவாகவே நடப்பது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தினால் இன்னும் குறைகிறது என்று அரவிந்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். இருந்தாலும் நமக்கு வந்தால் அது முழுசாக வந்ததுதான். முதல் வாரத்தில் வலி கூடினால், சிவப்பு கூடினால், நேற்றுத் தெரிந்தது இன்று மங்கினால், அந்த நிமிஷமே கிளம்புங்கள். ஞாயிறு, தீபாவளி, நடுராத்திரி எதுவும் பார்க்காதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ராத்திரி யாருக்குப் போன் பண்ணுவது என்று கேட்டு எண்ணைச் சுவரில் எழுதிவையுங்கள். கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று கொட்டினாலோ, திரை இறங்கியதுபோல் இருந்தாலோ இதே அவசரம்தான், அது எத்தனை மாசம் கழித்து வந்தாலும்.

முதல் கண் முடிந்து இரண்டாவது கண்ணுக்கு ஒரு மாசம் இடைவெளி விட்டார்கள். அந்த மாசம் அம்மா ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடி மல்லியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கண்ணில் வெள்ளை, ஒரு கண்ணில் பழுப்பு. மூன்றாம் நாள் பூக்காரரைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

கண்ணாடி வேண்டியிருந்தால் ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழித்து, பவர் நிலைத்த பிறகு வாங்குங்கள்.

போன தை மாசம் அம்மாவுக்கு மறுபடி பனி மூட்டம் மாதிரி இருந்தது. “புரை திரும்ப வந்திருச்சு” என்று ஊரே சொன்னது. எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைத் தாங்கும் பழைய உறை பின்பக்கம் மங்கிவிடுகிறது, சிலருக்கு மாசக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில். யாக் லேசர் என்று, நிஜமான லேசர், உட்கார்ந்தபடியே சில நிமிஷம். அதில் ஒரு சின்ன ஜன்னல் திறந்துவிட்டார்கள். வலி இல்லை, கட்டு இல்லை. அப்போது டாக்டர் கேட்டது லென்ஸ் அட்டையை: கம்பெனி, மாடல், பவர், வரிசை எண் எல்லாம் அச்சடித்த அந்த ஸ்டிக்கர். ரேஷன் கார்டு உறையில் வைத்திருந்தேன், உடனே எடுத்துக் கொடுத்தேன். அத்தையுடையதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.